கான்கிரீட்டுக்கு முன் ஓராண்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளின் கழிவுநீரை வாங்கும் ஒரு வட்டாரச் சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்கலாம் என்ற பேச்சு எழுந்தால், முதல் கூட்டத்திலேயே ஓர் எண் மேசைக்கு வந்துவிடும்: "இப்போ 20 மெகாலிட்டர், அதை 30 ஆக்கணும்." (ஒரு மெகாலிட்டர் பத்து லட்சம் லிட்டர்; எண் நாளொன்றுக்கானது.) அந்த எண்ணை மட்டும் நம்பி வரைபடம் போட்டால் பாதிப் பணம் தேவையில்லாத தொட்டிக்குப் போகும். வீட்டுச் சாக்கடை மட்டும் வரும் இடத்தில் நாளொன்றுக்கு எத்தனை மெகாலிட்டர் என்று தெரிந்தால் ஓரளவு சமாளிக்கலாம். சாயப்பட்டறையும் கோழி இறைச்சி ஆலையும் ஒரே குழாயில் சேரும் இடத்தில், எத்தனை மணிக்கு எது வருகிறது என்பதுதான் நிலையத்தை ஆட்டிவைக்கும்.

ஆகவே முதல் செலவு அளவீட்டுக்கு. காலை ஒன்பது மணிக்கு ஒரு போத்தலில் பிடித்த மாதிரி எதையும் சொல்லாது. பட்டறைகள் அப்போதுதான் பாய்லரைச் சூடேற்றிக்கொண்டிருக்கும். நுழைவாயிலிலும் பெரிய ஆலைகளின் வெளியேற்ற மேன்ஹோல்களிலும் ஆட்டோ சாம்ப்ளர் (தானாகவே மாதிரி பிடிக்கும் கருவி) வைத்து 24 மணி நேரக் கலப்பு மாதிரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வாரத்தின் ஏழு நாளும் எடுக்க வேண்டும், ஓராண்டு ஓட வேண்டும். இதில் சிக்கல் ரசாயனத்தில் வராது, பஞ்சில் வரும். துணி ஆலையின் நூற்பிசிறு ஆறு மில்லிமீட்டர் சல்லடையையே தாண்டிப் போய் பம்ப் இம்பெல்லரில் சடைபோல் சுற்றிக்கொள்ளும். சாம்ப்ளரின் உறிஞ்சு குழாய் அதற்கு எந்த மூலைக்கு? இரண்டு நாளுக்கொருமுறை முனையைக் கழற்றிப் பார்க்காவிட்டால் பாதி போத்தல்கள் காலியாகவே வரும். காலிப் போத்தலைப் 'பூஜ்யம்' என்று எழுதிவைத்த பதிவேடுகளும் உண்டு.

மலிவான கருவி ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் கண்டக்டிவிட்டி லாகர் வாங்குங்கள்; தண்ணீரின் மின்கடத்து திறனை இடைவிடாமல் பதியும் கருவி அது. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் உப்புப் போடுவார்கள். அந்தச் சாயக் குளியலைத் திறந்துவிட்டால் கண்டக்டிவிட்டிக் கோடு செங்குத்தாக எழும். பகலெல்லாம் சமமாக ஓடிய கோடு இரவு இரண்டரைக்கு ஏறி மூன்றேகாலுக்கு இறங்கினால், எந்த மேன்ஹோலில் ஏறியது என்று பார்த்தாலே போதும், கழிவுநீர் விட அந்த ஆலைக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். டர்பன் மாநகராட்சி தொழிற்கழிவுக் கட்டணத்தை சி.ஓ.டி.யையும் (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) படியும் திடப்பொருளையும் வைத்துக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் உப்பும் நிறமும் இல்லை. அதனால் ஆலைக்காரருக்கு அவற்றைக் குறைக்கத் தூண்டுதலும் இல்லை. ஆனால் ஆற்றில் விடும்போது கேள்வி நம்மிடம்தான். 2013-இல் அரசிதழில் வந்த பொது வரம்பு சி.ஓ.டி. 75, அமோனியா 6, படியாமல் நீரில் தொங்கி நிற்கும் திடப்பொருள் 25 மில்லிகிராம் என்று லிட்டருக்கு வைக்கிறது. கண்டக்டிவிட்டிக்கு உச்சம் மீட்டருக்கு 150 மில்லிசீமன்ஸ். முதல் மூன்றையும் தொட்டி கட்டிச் சாதிக்கலாம். உப்பைப் பாக்டீரியா தின்னாது. அதை ஆலையின் வாசலிலேயே தடுக்க வேண்டும்.

ஓராண்டு என்று சொல்வதற்குக் காரணம் நாட்காட்டி. கரும்பாலை ஏப்ரல் வாக்கில் அரவையைத் தொடங்கி டிசம்பர் வரை ஓட்டும். ஈஸ்டர் வாரத்தில், மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும் நாட்களில், பட்டறைகள் மூடிக் கிடக்கும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை தொழில்துறையே விடுமுறையில் இருக்கும். மூன்று வாரம் தீனியில்லாமல் வாடிய ஸ்லட்ஜ்மீது, அதாவது கழிவைத் தின்னும் பாக்டீரியாச் சேற்றின்மீது, ஜனவரியில் இயந்திரம் கழுவிய காரமும் முதல் சாயமும் ஒரே நாளில் வந்து விழும். ஆண்டின் மோசமான அமோனியா எண்கள் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் கிடைக்கும். மார்ச் முதல் மே வரை மட்டும் அளந்த அறிக்கையில் அது இருக்காது.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. அமோனியாவை நைட்ரேட்டாக்க ஒவ்வொரு கிலோ நைட்ரஜனுக்கும் 4.57 கிலோ ஆக்சிஜனும், கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிலோ காரத்தன்மையும் செலவாகும். சாயப்பட்டறை கொட்டும் சோடா சாம்பல், யாரும் கேட்காமலே அந்தக் காரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். பட்டறை மூடினால் நிறத்தொல்லை போய்விட்டது என்று மகிழ்வோம். அடுத்த மாதம் பி.எச். சரிந்து அமோனியா ஏறும். எனவே திட்டத்தில் சுண்ணாம்பு டோசிங்குக்கு இடமும் குழாயும் விட்டுவைப்பது நல்லது, இயந்திரத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அளவீடு கைக்கு வந்த பிறகு எங்கே நெருக்குகிறது என்று தேட வேண்டும். பெரும்பாலும் பாக்டீரியாவுக்குக் காற்றூட்டும் ஏரேஷன் தொட்டியில் இல்லை; அதற்கு அடுத்து ஸ்லட்ஜைப் படியவைத்துத் தெளிந்த நீரை வழியவிடும் கிளாரிஃபையரில். ஒரு கணக்கு: 20 மெகாலிட்டர் நிலையம், 30 மீட்டர் விட்டத்தில் இரண்டு கிளாரிஃபையர், மொத்தப் பரப்பு சுமார் 1,414 சதுர மீட்டர். சராசரி ஓட்டம் மணிக்கு 833 கன மீட்டர். மழைநாளில் அது இரண்டரை மடங்கானால் 2,083. பரப்பால் வகுத்தால் மேல்நோக்கு வேகம் மணிக்கு 1.47 மீட்டர். ஸ்லட்ஜ் நன்றாகப் படியும் நாளில்கூட ஒரு மீட்டரைத் தாண்டினால் ஓரத்தில் மேகம் மேகமாக எழ ஆரம்பிக்கும். மூன்றாவது கிளாரிஃபையர் சேர்த்தால் 0.98-க்கு இறங்கும். ஏரேஷன் தொட்டியை இரட்டிப்பாக்கி, கிளாரிஃபையரைத் தொடாமல் விட்டால், மழை வந்ததும் அத்தனை பாக்டீரியாவும் ஆற்றுக்குப் போகும்.

சரி, மூன்றாவதைக் கட்டியாயிற்று. அதிலும் ஒரு பிசகு அடிக்கடி நடக்கும். கிளாரிஃபையர்களுக்குத் தண்ணீரைப் பிரிக்கும் பங்கீட்டுப் பெட்டியில் மூன்று வழிவிளிம்புகள். அவற்றின்மேல் தண்ணீர் 100 மில்லிமீட்டர் உயரத்தில் வழிகிறது என்று வையுங்கள். ஒரு விளிம்பு பத்து மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டால் அந்தக் கிளாரிஃபையருக்கு ஏறக்குறைய 15 சதவீதம் அதிகம் போகும், ஏனென்றால் ஓட்டம் உயரத்தின் ஒன்றரை மடிக்கு ஏறும். சுண்டுவிரல் அகலம் இருக்காது அந்தப் பத்து மில்லிமீட்டர். கான்கிரீட் விளிம்பாகவே வார்த்துவிடாமல், நீள்துளையில் போல்ட் போட்டு ஏற்றி இறக்கும் எஃகுத் தகடு கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் முணுமுணுப்பார்.

ஆக்சிஜன் கணக்கில் ஏமாறுவது எளிது. காற்றடிக்கும் புளோயரை விற்பவர் தரும் எண் சுத்தமான தண்ணீருக்கானது. கழிவுநீரில், காற்றை நுண்குமிழாகப் பிரித்துவிடும் டிஃப்யூசர் அதில் பாதியளவே கரைக்கும். துணி ஆலையின் சோப்பு கலந்தால் அதற்கும் கீழே போகும். தொட்டியின் நுழைவு முனையில் இது இன்னும் மோசம், கடைசி முனையில் பரவாயில்லை. டிஃப்யூசரை எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் பரப்பினால், முன்னால் மூச்சுத்திணறலும் பின்னால் வீண்காற்றும்தான்.

பல ஆண்டுகளாக மின்வெட்டோடு வாழ்ந்த நாட்டில் ஜெனரேட்டர் கணக்கையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். எல்லா புளோயருக்கும் போட்டால் விலை கட்டுப்படியாகாது. நுழைவு பம்ப், ஸ்லட்ஜை ஏரேஷன் தொட்டிக்குத் திருப்பும் பம்ப், ஒரு புளோயர், கட்டுப்பாட்டுப் பெட்டி என்று நிறுத்திக்கொள்ளலாம். மின்சாரம் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் சுழல ஆரம்பித்தால் மெயின் பிரேக்கர் விழும். ஒவ்வொன்றாக எழ நேர இடைவெளி எழுதிவைக்க வேண்டும். செம்புக் கேபிள் திருட்டுக்கு அலுமினியக் கேபிளும் கான்கிரீட் மூடியும்தான் நடைமுறை மருந்து. 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனின் பம்ப் நிலையங்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் எப்படிப் புரட்டிப்போட்டது என்று பார்த்தவர்கள், மோட்டார் கட்டுப்பாட்டு அறையை ஆற்றங்கரை மட்டத்தில் வரைந்திருந்தால் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

எதிர்காலக் கணிப்பில் அடக்கம் வேண்டும். டர்பனின் மெரிபேங்க் அருகேயுள்ள தெற்குச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றபடி மறுசுத்திகரிக்கும் ஆலை 2001-இல் தொடங்கியது. கொள்ளளவு நாளுக்கு 47.5 மெகாலிட்டர். வாடிக்கையாளர்கள் ஒரு காகித ஆலையும் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும். அந்த எண்ணெய் ஆலை 2022-இல் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டது. டர்பன் அருகே ஹாமர்ஸ்டேலிலும் மலிவு இறக்குமதித் துணியால் பட்டறைகள் பல மூடின. இருபது ஆண்டுத் தேவையின் கோட்டினை நேராக மேலே இழுப்பதைவிட, பத்து மெகாலிட்டர் அலகுகளாகப் பிரித்து, ஒன்றைக் கட்டி, அடுத்ததற்கு நிலமும் குழாய் முனையும் விட்டுவைப்பதே மேல்.

ஓடும் நிலையத்தில் இணைப்பு வேலை எப்போது என்பதில் பொறியாளரும் ஆப்பரேட்டரும் மோதுவார்கள். குளிர்காலம் மே முதல் ஆகஸ்ட் வரை வறண்டது, தோண்ட வசதி. ஆனால் தண்ணீரின் வெப்பம் ஆறு டிகிரி குறைந்தால் அமோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவின் வளர்ச்சி பாதியாகிவிடும்; அப்போது ஒரு தொட்டியை நிறுத்தினால் அமோனியா கைமீறும். டிசம்பர் விடுமுறையில் சுமை குறைவு, ஆனால் மழை கொட்டும், வெல்டரும் ஊருக்குப் போயிருப்பார். எங்கள் சாய்வு ஈஸ்டர் பக்கம்: மழை பெரும்பாலும் குறையத் தொடங்கியிருக்கும், தண்ணீரில் சூடு இருக்கும், பட்டறைகள் நான்கு நாள் மூடியிருக்கும். சிறிய இணைப்புக்கு அந்த நான்கு நாள் போதும், குழாய்த் துண்டை முன்கூட்டியே அளவெடுத்துச் செய்து ஓரத்தில் வைத்திருந்தால்.

கடைசியில் எல்லோரும் மறப்பது ஸ்லட்ஜ். நாளுக்கு 20 மெகாலிட்டரில் லிட்டருக்கு 900 மில்லிகிராம் சி.ஓ.டி. என்றால் 18 டன். அதிலிருந்து தோராயமாக ஆறு டன் உலர்ந்த ஸ்லட்ஜ் மிஞ்சும். பெல்ட் பிரஸ்ஸில் 18 சதவீதத் திடத்துக்குப் பிழிந்தால் 33 டன் ஈரக் கட்டி, அன்றாடம். 40 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள கழிவைக் குப்பைக்கிடங்கில் கொட்ட 2019 ஆகஸ்டிலிருந்து தடை. பிழிந்த கட்டியில் ஈரம் 82 சதவீதம். சாயமும் உலோகமும் கலந்திருந்தால் கரும்புக்காட்டுக்கும் அனுப்ப முடியாது. உலர்த்தும் தளத்துக்கோ டிரையருக்கோ பணம் ஒதுக்காத விரிவாக்கத்தில், திறப்புவிழா முடிந்த மூன்றாவது வாரம் லாரி ஓட்டுநர் வாசலில் வந்து நிற்பார்: "எங்கேண்ணா கொட்டறது?"