பார்னேஸ் – பார்ஸ்டார்: ரெசிட்யூ தொடுகைக் கணக்கு, இதுவரை

இரு புரதங்கள் பிணைந்திருக்கும்போது எந்த ரெசிட்யூ (சங்கிலியிலுள்ள ஒரு அமினோ அமிலம்) எதைத் தொடுகிறது என்று எண்ணுவதே இந்தக் கணக்கு. எடுத்துக்கொண்ட கட்டமைப்பு, புரதக் கட்டமைப்புத் தரவுத்தளமான பிடிபியின் 1பிஆர்எஸ் என்ற கோப்பு. பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் பாக்டீரியா வெளியே சுரக்கும், ஆர்என்ஏவை வெட்டும் நொதி பார்னேஸ். 110 அமினோ அமிலம். அந்த வெட்டுக்கத்தி செல்லுக்குள்ளேயே வேலையைக் காட்டிவிடாமல் பிடித்து வைப்பது பார்ஸ்டார் என்ற புரதம், 89 அமினோ அமிலம். இரண்டும் சேர்ந்த படிகம் 2.0 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் 1994-இல் வெளியானது. தொடுகைக் கணக்குப் பழக இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது அரிது. எந்த ரெசிட்யூ எதனோடு எவ்வளவு ஆற்றலில் பிணைந்திருக்கிறது என்று கிடியன் ஷ்ரைபரும் ஆலன் ஃபெர்ஷ்டும் ஆய்வகத்தில் அளந்து 1995-இல் எண்களாகவே கொடுத்துவிட்டார்கள். கணினியில் வரும் பட்டியலை உரசிப் பார்க்க ஒரு கல் இருக்கிறது.

கோப்பைத் திறந்ததும் ஆறு சங்கிலிகள் தெரியும். ஏ, பி, சி பார்னேஸ். டி, இ, எஃப் பார்ஸ்டார். ஒரே கூட்டு மூன்று முறை, ஏ–டி, பி–இ, சி–எஃப் என்று படிகத்தில் நிற்கிறது. "எல்லாச் சங்கிலிக்கும் இடையே உள்ள தொடுகை" என்று கேட்டால் ஏ–பி போன்ற ஜோடிகளும் வந்து விழும். அவை படிகத்தில் அடுக்கியதால் வந்த உரசல். உயிரியலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஏ–டி-யை மட்டும் எடுத்துக் கணக்கைத் தொடங்கி, மற்ற இரண்டையும் சரிபார்க்க வைத்துக்கொள்வது நல்லது.

கணக்குக்கு முன் கோப்பில் பார்க்க வேண்டியவை சில. கோப்பின் தொடக்கத்திலுள்ள ரிமார்க் என்ற குறிப்பு வரிகளில், 465-இல் படிகத்தில் தெரியாத ரெசிட்யூக்கள், 470-இல் பாதி மட்டும் தெரியும் ரெசிட்யூக்கள். பக்கச் சங்கிலியின் (முதுகெலும்பிலிருந்து கிளைத்து நிற்கும் பகுதி) முனை இல்லாத ஒரு லைசின் தொடுகையே இல்லாதது போல் பட்டியலில் நிற்கும். அது உண்மையில் "தெரியவில்லை" என்பதே தவிர "தொடவில்லை" அல்ல. அணு வரியின் 17-ஆம் நெடுவரிசையில் எழுத்து இருந்தால் அந்த அணுவுக்கு இரண்டு நிலைகள் உண்டு. பயோபைத்தான் (உயிரியலுக்கான பைத்தான் நிரல் தொகுப்பு) தானாகவே நிரப்பளவு (அணு அந்த நிலையில் இருக்கும் பங்கு) அதிகமுள்ள நிலையை எடுத்துக்கொள்ளும். கையால் எழுதும் நிரல் இரண்டையும் எண்ணி, ஒரு தொடுகையை இரண்டாக்கிவிடும். இன்னொன்று: இந்த பார்ஸ்டாரில் 40, 82 இடங்களின் சிஸ்டீன்களை அலனினாக மாற்றியிருக்கிறார்கள். பட்டியலில் அலனின் 40 வந்தால் இயற்கைப் புரதத்தில் அந்த இடத்தில் இருப்பது சிஸ்டீன் என்று பக்கத்திலேயே குறித்து வைக்க வேண்டும். பிடிபியின் மற்றொரு கோப்பு வடிவமான எம்எம்சிஐஎஃப் ஆனால் ரெசிட்யூ எண் இரண்டு விதமாக இருக்கும்: ஆசிரியர் கொடுத்தது, தரவுத்தளம் தானாக எண்ணியது. ஆய்வுக் கட்டுரையோடு ஒப்பிட ஆசிரியர் எண்தான் வேண்டும்.

தூரம் கணக்கிடுவதில் சிரமமே இல்லை. ஹைட்ரஜன் நீங்கலாக பார்னேஸில் சுமார் 870 அணு, பார்ஸ்டாரில் சுமார் 700. பெருக்கினால் 6 லட்சம் ஜோடி. பைத்தானின் எண்கணிதத் தொகுப்பான நம்பையில் நேரடியாகக் கணக்கிட்டாலே கண் இமைக்கும் நேரம்தான். அருகிலுள்ள அணுக்களை வேகமாகத் தேடும் சைபையின் கேடி-மரமோ, பயோபைத்தானின் நெய்பர்செர்ச்சோ பெரிய கூட்டுகளுக்குத்தான் தேவை. முக்கியமானது எதைச் சேமிக்கிறோம் என்பது. ரெசிட்யூ ஜோடிக்கு ஆம்/இல்லை என்று மட்டும் எழுதி வைத்தால், வரம்பை மாற்றும்போதெல்லாம் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். 6.0 ஆங்ஸ்ட்ராமுக்குள் வரும் ஒவ்வொரு அணு ஜோடிக்கும் ஒரு வரி: இரு பக்கமும் சங்கிலி, எண், செருகு எழுத்து (எண்ணோடு சில இடங்களில் சேரும் கூடுதல் எழுத்து), ரெசிட்யூ பெயர், அணுப் பெயர், கடைசியில் தூரம். பிறகு வடிகட்டுவதெல்லாம் அட்டவணை வேலை.

வரம்பு எவ்வளவு என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பீட்டா கார்பன்களுக்கு, அதாவது பக்கச் சங்கிலியின் முதல் கார்பன்களுக்கு, இடையே 8 ஆங்ஸ்ட்ராம் (கிளைசினுக்கு முதுகெலும்பிலுள்ள ஆல்பா கார்பன்) என்பது கட்டமைப்புக் கணிப்புப் போட்டியான காஸ்ப் பயன்படுத்தும் வரையறை. ஒரு புரதத்துக்குள் மடிப்பைப் பார்க்க அது அருமையான அளவுகோல். இரு புரதங்களும் தொடும் இடைமுகத்துக்கு வந்தால் அதே அளவுகோல் முக்கியமானதைத் தவறவிடும். ஆர்ஜினின் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் பீட்டா கார்பனிலிருந்து முனை நைட்ரஜன் 6 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கும்; எதிரில் அஸ்பார்டிக் அமிலத்தின் பீட்டா கார்பனிலிருந்து ஆக்சிஜனுக்கு 2.4, நடுவே உப்புப் பாலத்துக்கு (எதிரெதிர் மின்சுமைகளின் பிணைப்பு) 2.8. நேர்கோட்டில் நின்றால் கூட்டினால் 11-ஐத் தாண்டும். இந்த இடைமுகத்தின் உயிர்நாடியே ஆர்ஜினின்–அஸ்பார்டிக் ஜோடிகள்தான் என்பதால், இங்கே ஹைட்ரஜன் அல்லாத எந்த இரு அணுவும் 4.5-க்குள் என்ற வரையறையைப் பிடித்துக்கொண்டோம். அதையும் வகை பிரிக்காமல் விட்டால் பயனில்லை.

வகை பிரிப்பில் நேரம் போகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு: நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் ஜோடி, 3.5-க்குள். ஆனால் தூரத்தை மட்டும் பார்த்தால் இரண்டு கொடுக்கும் அணுக்கள் அருகருகே நிற்பதும் பிணைப்பாகப் பதிவாகும். கொடுப்பது எது, வாங்குவது எது என்று 20 அமினோ அமிலத்துக்கும் ஒரு சிறு அட்டவணை எழுதி வைத்தால் தீர்ந்தது. 2.0 ஆங்ஸ்ட்ராமில் ஹைட்ரஜன் தெரியாது. அதனால் கோணத்துக்கு கார்பன்–ஆக்சிஜன்–நைட்ரஜன் கோணம் 90 பாகைக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது போதுமான சல்லடை. உப்புப் பாலம்: அஸ்பார்டிக், குளுட்டாமிக் அமிலங்களின் பக்கச் சங்கிலி ஆக்சிஜனும் லைசின், ஆர்ஜினின் பக்கச் சங்கிலி நைட்ரஜனும் 4.0-க்குள். இதை அணு ஜோடியாக எண்ணக் கூடாது. இரு கைகோத்து நிற்கும் ஒரே ஆர்ஜினின்–அஸ்பார்டிக் ஜோடி நான்கு வரியாக வரலாம்.

நீர்வெறுப்புத் தொடுகையில் ஒரு பொறி இருக்கிறது. "கார்பனும் கார்பனும் 4.5-க்குள்" என்று பொதுவாக எழுதினால், உப்புப் பாலத்திலுள்ள ஆர்ஜினினின் முனைக் குழுவான குவானிடினியத்தின் கார்பனும் எதிரிலுள்ள கார்பாக்சில் கார்பனும் 4 ஆங்ஸ்ட்ராம் அருகே நிற்பதால் அவையும் நீர்வெறுப்பாகப் பதிவாகும். மின்சுமையுள்ள குழுவின் கார்பன்களையும், முதுகெலும்பின் கார்போனைல் கார்பனையும் விலக்கிய பிறகுதான் அந்த நெடுவரிசையை நம்பலாம். இடைமுகத்தில் நீர்வெறுப்பு எவ்வளவு என்று சதவீதம் சொல்லும் சிறு நிரல்கள் பலவற்றில் இந்த விலக்கு இல்லை. முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஹிஸ்டிடின், அஸ்பரஜின், குளுட்டமின் மூன்றும் தனிக் கவனம் கேட்கும். இந்த நுணுக்கத்தில் எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்தறிவது கடினம். அஸ்பரஜினின் அமைடு 180 பாகை திரும்பி மாதிரியில் உட்கார்ந்திருக்கலாம். ரெட்யூஸ் நிரலில் ஹைட்ரஜன் சேர்க்கும்போதே திருப்பிப் பார்க்கும் விருப்பத்தைப் போட்டு ஓட்டி, எவை திரும்பின என்ற குறிப்பைப் படித்துவிட்டு மேலே போவது நல்லது. இங்கே ஹிஸ்டிடின் 102 நொதியின் வினை மையத்தில் இருப்பது. அது பார்ஸ்டார் மேலுள்ள ஒரு குழியில் புகுந்து அஸ்பார்டிக் அமிலம் 39, கிளைசின் 31 இரண்டுடனும் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. பிஎச் மாறும்போது பிடிப்பின் வலிமை மாறுவதற்குக் காரணமே இந்தப் பிணைப்புகள்தான் என்பது படிகத்தைத் தீர்த்தவர்களின் முடிவு. இந்த ஒரு வளையம் தப்பாகத் திரும்பினால் கதையே மாறும்.

அவர்களுடைய கட்டுரை இரு புரதங்களுக்கும் இடையே 14 ஹைட்ரஜன் பிணைப்புகள் என்கிறது. ஏறக்குறைய பாதியில் இரு பக்கமும் மின்சுமை. நம் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடினாலோ குறைந்தாலோ பதற வேண்டாம். அணு இருப்பிடத்திலேயே கொஞ்சம் நிச்சயமின்மை இருக்கும்போது 3.48 பிணைப்பு, 3.53 இல்லை என்பது வெறும் கத்திமுனைத் தீர்ப்பு. 3.5 முதல் 3.8 வரை "எல்லையில்" என்று தனிக் குறி போட்டு, மூன்று கூட்டுகளிலும் வருகிறதா என்று பார்ப்பதே சரி. ஏ–டி-யில் மட்டும் தலைகாட்டும் தொடுகையை அழிக்க வேண்டியதில்லை; முடிவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வதில்லை.

மறுமுனையில், மிக நெருங்கிய ஜோடிகளையும் பார்க்க வேண்டும். இதற்கு ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் வெளியிட்ட தொடுகை எல்லைகள் இன்றும் உதவுகின்றன: கார்பன்–கார்பனுக்கு வழக்கமான எல்லை 3.2, கடைசி எல்லை 3.0 ஆங்ஸ்ட்ராம். பிணையாத இரு கார்பன் 3.0-க்கும் கீழே வந்தால் அது வலுவான தொடுகை அல்ல, மாதிரியில் உள்ள கோளாறு.

கட்டமைப்புகளைப் படமாகக் காட்டும் மென்பொருளான கைமெராஎக்ஸின் தொடுகைக் கட்டளை நம் பட்டியலோடு ஒத்துவராது. அது தூரத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை; அணு ஆரங்கள் எவ்வளவு மேல்பொருந்துகின்றன என்று பார்க்கிறது, இயல்பு வரம்பு மைனஸ் 0.4 ஆங்ஸ்ட்ராம். ஒப்பிடும்போது எந்த வரையறை என்று எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை.

நீரைத் தூக்கி எறிவது பொதுப் பழக்கம். இந்த இடைமுகத்தில் அது செல்லாது. இரு பரப்புகளும் முழுதாகப் பொருந்தாத இடைவெளிகளில் பெரும்பாலானவற்றை நீர் மூலக்கூறுகளே நிரப்புகின்றன. இரு பக்கத்திலும் ஒரு நைட்ரஜனோ ஆக்சிஜனோ 3.5-க்குள் இருக்கும் நீரை மட்டும் பொறுக்கி "நீர் வழி" என்று தனி அட்டவணையாக வைத்தாயிற்று. படிகத்தில் நீருக்குச் சங்கிலி எழுத்து ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும். அதை நம்பி வடிகட்டாமல் தூரத்தை வைத்தே பொறுக்க வேண்டும்.

இனி உரைகல்லான ஷ்ரைபர்–ஃபெர்ஷ்ட் அளவீடுகள். இரட்டைத் திரிபுச் சுழற்சி முறையில், இரு ரெசிட்யூக்களையும் தனித்தனியாகவும் சேர்த்தும் மாற்றி, ஆற்றல் இழப்பு வெறும் கூட்டுத்தொகையா இல்லையா என்று பார்க்கிறார்கள். பொதுவாக 7 ஆங்ஸ்ட்ராமுக்குள் உள்ள ஜோடிகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. அதற்கு மேல் வெறும் கூட்டல்தான். மின்சுமை ஜோடிகளில் அந்த இணைப்பு மோலுக்கு 1.6 முதல் 7 கிலோகலோரி வரை. அதாவது 4.5 என்ற நம் வரம்பு நேரடித் தொடுகைக்குச் சரி, ஆனால் ஆற்றல் அளவில் உறவாடும் சில ஜோடிகள் அதற்கு வெளியே நிற்கும். 6.0 வரை சேமித்ததும் போதவில்லை என்பதால் மின்சுமை ரெசிட்யூக்களுக்கு மட்டும் அட்டவணையை 7.0-க்கு நீட்டியாகிவிட்டது. தொடுகை எண்ணிக்கையை வைத்து வலிமையை வரிசைப்படுத்தும் ஆசையும் இங்கே அடிபடுகிறது: டிரிப்டோபன் போன்ற பெரிய வளையம் பல அணுக்களோடு உரசி வரிகளைக் குவிக்கும், அஸ்பார்டிக் அமிலம் 39 சில வரிகளிலேயே ஆர்ஜினின் 83, 87, ஹிஸ்டிடின் 102 மூன்றையும் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்து, தனியாக நிற்கும் பார்னேஸ் கட்டமைப்பான 1ஏ2பி-யை (1.5 ஆங்ஸ்ட்ராம்) ஆல்பா கார்பன்களால் பொருத்தி, ஆர்ஜினின் 59, 83, 87 பக்கச் சங்கிலிகள் பிணையும் முன்பே அதே திசையில் நீட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது. அதிலும் மூன்று பிரதிகள் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்தால் படிக உரசலை அசைவு என்று எண்ணிவிடக்கூடும் என்பதால் மூன்றையும் தனித்தனியே பொருத்த வேண்டும்.