மருமகனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்ற அனுபவம்

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகனைப் பற்றி, அவனுடைய வகுப்பாசிரியை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தார். வகுப்புத் தலைவியான மாணவியின் நோட்டைக் கிழித்தது, வரிசையில் முன்னால் நின்றவளின் சடையைப் பிடித்து இழுத்துத் தள்ளியது, "பொட்டப்புள்ள சொல்லி நான் கேக்கணுமா?" என்று ஆசிரியையிடமே எதிர்த்துப் பேசியது எல்லாம் அதில் இருந்தன. பையன்களோடும் அவன் சண்டை போடுவான். ஆனால் அந்தத் தகராறு மணியடித்தால் முடிந்துவிடும். ஒரு பெண் பிள்ளை அவனை முந்தும்போதோ "முடியாது" என்று மறுக்கும்போதோதான் கை நீளுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் அந்த ஆசிரியையே.

வீட்டில் அவனுடைய அப்பத்தா, "ஆம்பளப் புள்ள அப்படித்தான் இருப்பான், வளந்தாச் சரியாப் போயிரும்" என்றார். பாண்டி கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறும் கட்டினார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்த தாய்மாமன் என்ற உரிமையில், மதுரைக்கு அழைத்துப் போகலாம் என்று தங்கையிடம் சொன்னேன்.

கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுப் போட்டு மனநலப் பிரிவுக்குப் போனோம். பையனுக்கு மாத்திரை எழுதித் தருவார்கள் என்று நினைத்திருந்த எங்களுக்குக் கேள்விகள்தான் கிடைத்தன. 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைத் தங்கையிடம் நிரப்பச் சொல்லி, வகுப்பாசிரியை நிரப்புவதற்கான அதன் இன்னொரு வடிவத்தைப் பள்ளிக்கும் கொடுத்தனுப்பினார்கள். ராபர்ட் குட்மன் என்ற பிரிட்டன் மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்ட இந்தப் படிவம் தமிழிலும் இருக்கிறது. இதை வைத்து நோய் என்று முடிவு கட்டுவதில்லை. எங்கே ஆழமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கே இது பயன்படுகிறது. காது நன்றாகக் கேட்கிறதா, படிப்பில் தடுமாற்றமா, கவனம் நிலைக்கிறதா, விலங்குகளைத் துன்புறுத்துகிறானா, அவனை யாராவது அடிக்கிறார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள்.

அப்பத்தாவின் வாதத்தை நான் அங்கேயே கேட்டேன். அதில் பாதி உண்மை என்றார் மருத்துவர். அடிப்பதும் தள்ளுவதும் இரண்டு, மூன்று வயதில்தான் அதிகம்; பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் தங்களை அடக்கிக்கொள்ளக் கற்றுவிடுகிறார்கள். ஒன்பது வயதில் அது குறையாமல், அதுவும் ஒரு சாராரை மட்டும் குறி வைத்து வருகிறது என்றால் பார்க்கத்தான் வேண்டும். ஆசிரியையின் நோட்டு இங்கேதான் கைகொடுத்தது. எளிதில் கோபப்பட்டு, பெரியவர்களை எதிர்த்து அடம்பிடிப்பதே தொடரும் 'ஆப்போசிஷனல் டிஃபையன்ட் டிஸ்ஆர்டர்' என்ற நிலையா என்று தீர்மானிக்க, அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். உடன்பிறந்தவர் அல்லாத ஒருவரிடமாவது அவை வெளிப்பட்டிருக்க வேண்டும். தேதியிட்ட குறிப்பு இல்லாமல் இவற்றை நாங்கள் எப்படிச் சொல்லியிருப்போம்? அவனுக்கு அந்த நிலை லேசான அளவில் இருக்கிறது என்றார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ந்து வன்முறையாளராவதில்லை என்பதையும் அழுத்திச் சொன்னார்கள்.

பிறகு தங்கையை மட்டும் உள்ளே அழைத்து, வீட்டில் யாராவது உன்னை அடிக்கிறார்களா என்று உளவியலாளர் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் தவறு. அடி இல்லை, சாப்பாட்டுத் தட்டு பறக்கும், ஏச்சுப் பேச்சு உண்டு என்று தங்கை சொல்லியிருக்கிறாள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் வார்த்தையால் வதைப்பதையும் வன்முறையாகவே கொள்கிறது என்று விளக்கி, பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தார்கள்.

சிகிச்சை அவனுடைய தங்கையிடமிருந்து தொடங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆறு வயதுச் சிறுமி. கேரம் விளையாட்டில் சிவப்புக் காயை அவள் போட்டுவிட்டால் இவன் பலகையைக் கவிழ்ப்பான். "அண்ணந்தானே, விட்டுக்குடு" என்று வீட்டார் அவளையே சமாதானப்படுத்துவார்கள். அந்தச் சொல்லை முதலில் நிறுத்துங்கள், கொஞ்ச காலம் இருவரையும் பெரியவர் துணையின்றித் தனியே விடாதீர்கள் என்றார் உளவியலாளர். விட்டுக்கொடுப்பது பெண்ணின் வேலை என்று ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தது. இந்தப் பயணத்தில் நான் கற்றவற்றுள் இதையே பெரிதாக மதிக்கிறேன்.

மற்றதெல்லாம் பெற்றோருக்கான பயிற்சி. அவன் கத்தினால் அம்மா பணிவாள், அதனால் அடுத்த முறை இன்னும் உரக்கக் கத்துவான்; அப்பா அதைவிட உரக்கக் கத்தினால் அடங்குவான், அதனால் அப்பாவும் குரலை உயர்த்தவே பழகுவார். இந்தச் சுழலைத் தாளில் வட்டமாக வரைந்து காட்டினார்கள். தினமும் பத்து நிமிடம் அவன் விருப்பப்படி அவனோடு விளையாடுவது, "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொல்லாமல் "தங்கச்சி ஆடுற வரைக்கும் பொறுத்திருந்தியே" என்று குறிப்பாகப் பாராட்டுவது, கட்டளையை ஒரே முறை, சுருக்கமாகச் சொல்வது, சின்னச் சிணுங்கலைக் கண்டுகொள்ளாமல் விடுவது, அடித்தால் மட்டும் அன்றைய டி.வி. நேரத்தைத் தவறாமல் ரத்து செய்வது என்று வாரம் ஒன்றாகச் சேர்த்தார்கள். பலகையைக் கவிழ்த்தால் காய்களை அவனே பொறுக்கி அடுக்க வேண்டும், ஆட்டத்தை முதலில் தொடங்குவது தங்கைதான்.

மச்சான் லோடு வண்டி ஓட்டுகிறவர். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு நான் வரமாட்டேன்" என்று மறுத்தார். ஆசிரியையின் நோட்டைப் படித்துக் காட்டினேன். "பொட்டப்புள்ள சொல்லி நான் கேக்கணுமா" என்ற வரியில் நிறுத்தச் சொன்னார். அது அவர் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அடுத்த சந்திப்புக்கு வந்துவிட்டார்.

அவர் இன்னும் சத்தம் போடுகிறார். தட்டு மட்டும் பறப்பதில்லை. ஆசிரியை இரண்டாம் முறை நிரப்பிய படிவத்தில், பிரச்சினையின் அளவைக் காட்டும் மதிப்பெண் இறங்கியிருக்கிறது. ஆனால் விளையாட்டு நேரத்தில் இன்னும் கண்காணிப்பு தேவை என்று எழுதியிருக்கிறார். மதுரைக்கு வர வழியில்லாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே பேசலாம்; போகிறவர்கள் பள்ளிக் குறிப்பையும் பிள்ளையின் தகப்பனையும் சேர்த்தே அழைத்துப் போவது நல்லது. எங்களை அடுத்த முறை அப்பத்தாவோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். வருவதாகச் சொல்லியிருக்கிறார், டாக்டரிடம் தானும் நாலு கேள்வி கேட்கப் போகிறாராம்.