ஜவ்வரிசி வத்தலும் 1/2000 நொடியும்

மச்சானுக்கு உடனே வேடந்தாங்கல் போக வேண்டும். பறவைப் படம் எடுக்க வாங்கிய 150-600 மி.மீ. கேமரா லென்ஸ் வீட்டுக்கு வந்த மறுநாளே காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டான்.

“சீசன் நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும்தான் மாப்ள. இந்தச் சித்திரை வெயில்ல அங்க போய் எதை எடுப்ப? மொட்டைமாடிக்கு வா, காக்கா இருக்கு” என்றேன்.

“இவ்ளோ காசு போட்டது காக்காய எடுக்கவா மாமா?”

காக்கை என்றால் எல்லாருக்கும் இளக்காரம். உண்மையில் பருந்துதான் சுலபம்: இறக்கையை விரித்து வட்டமடிக்கும், ஷட்டர் வேகம் 1/800 நொடி வைத்தாலே கலங்காமல் படத்தில் நின்றுவிடும். விர்ரென்று பறக்கும் பனை உழவாரன் குருவி பக்கம் முதல் வருடம் திரும்பாமலிருப்பது கழுத்துக்கு நல்லது. இரண்டுக்கும் நடுவில் காக்கை. நேராக வருகிற மாதிரி வந்து கடைசி நேரத்தில் ஒடித்துத் திரும்பும். பயிற்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

போதாக்குறைக்கு நிறம் வேறு கறுப்பு. வெளுத்த வானத்தைப் பார்த்ததும் கேமரா வெளிச்சத்தை அமுக்கிவிடும். காக்கை இருக்கும் இடத்தில் கரிக்கட்டைதான் மிஞ்சும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1, தேவைப்பட்டால் அதற்கும் மேலே ஏற்றினால்தான் கழுத்தின் சாம்பல் நிறமும் கண்ணும் தெரியும். இருண்ட மரங்களுக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு பறந்தால் கணக்கு தலைகீழ், மைனஸுக்குப் போக வேண்டும்.

மேனுவல் மோடு, 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ ஆட்டோ, பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் எல்லாம் வைத்துக் கொடுத்தேன். ஃபோகஸைப் பின்பக்க பட்டனுக்கு மாற்றி, கட்டைவிரலை அதில் பழக்கிக்கொள்ளச் சொன்னேன். ஜூமை 600-இல் வைத்துக் காக்கையைத் தேடினால் வானம்தான் கிடைக்கும்; 200-இல் பிடித்து, கூடவே திரும்பிக்கொண்டே ஜூமை நீட்ட வேண்டும். லென்ஸ் மட்டும் ரெண்டு கிலோ. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு இடுப்பிலிருந்து திரும்பவில்லை என்றால் ராத்திரி தைலம்தான்.

மாடியில் கீழ்வீட்டு அக்கா வேட்டியை விரித்து வத்தல் பிழிந்திருந்தார். ஒரு பக்கம் அரிசிக்கூழ், இன்னொரு பக்கம் ஜவ்வரிசி. காவலுக்குக் கறுப்புக் குடை ஒன்று. மச்சானையும் அந்த நீளக் கறுப்பு லென்ஸையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“நல்லதாப் போச்சு தம்பி. நீ அந்தக் குழாயோட இங்கயே உக்காரு. ஒரு காக்கா வராது.”

சொன்னது பலித்தது. கேமராவைத் தூக்கினால் தெருமுனை வரை ஒரு காக்கை இல்லை. இறக்கினால் தண்ணீர்த் தொட்டி மேல் வரிசையாக உட்கார்ந்து இவனையே பார்த்தன. அக்காவுக்கு வெகு திருப்தி. குடையை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மச்சான் கைப்பிடிச் சுவரில் ஒரு கவளம் சோற்றை வைத்து, “கா... கா...” என்று கூப்பிட ஆரம்பித்தான். அக்கா பதறிப்போய் மேலே ஓடி வந்தார். “யாருக்குத் தம்பி திதி? சொல்லவே இல்லையே!”

விஷயத்தை விளக்கியதும் அவரே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். உடைந்த அரிசிக்கூழ் வத்தலைச் சுவரில் வைத்துக்கொள்ளலாம், காக்கை வேட்டிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஜவ்வரிசி மேல் கை வைக்கவே கூடாது.

வத்தலுக்குக் காக்கைகள் வந்தன. அடுத்த இடைஞ்சல் காற்று. பறவைகள் பெரும்பாலும் எதிர்காற்றில்தான் கிளம்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். அதனால் வெயிலும் காற்றும் நம் முதுகுப் பக்கம் இருக்கட்டும் என்பார்கள். வேளச்சேரியில் சாயங்காலம் வெயில் மேற்கே, கடல்காற்றோ கிழக்கேயிருந்து. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றவனுக்கு எல்லாக் காக்கையும் வாலைக் காட்டின. மெமரி கார்டு முழுக்க வால். “ஒண்ணாவது மூஞ்சியக் காட்டுதா பாருங்க மாமா!” வடக்குச் சுவரோரம் தள்ளி நிற்க வைத்தேன். வெயிலும் காற்றும் பக்கவாட்டில் போனதும் காக்கைகள் பக்கவாட்டில் பறந்தன. முகம், இறக்கை, நகம் எல்லாம் வந்தது.

அப்புறம் அந்தப் படம். இறக்கை இரண்டும் மேலே, கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம், அலகில் வத்தல். தொடர்ச்சியாக அடித்ததில் ஒரே ஒரு பிரேம். நான் எடுத்ததில்கூட அப்படி ஒரு காக்கை இல்லை. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினான்.

“அட, கண்ணுகூடத் தெரியுதே!” என்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“இதுக்கே இப்படியா? பெருசு பண்ணிப் பாருங்கக்கா!” திரையை அவனே அலகு வரைக்கும் பெரிதாக்கிக் கொடுத்தான். படம் அவ்வளவு துல்லியம். வத்தலின் ஒவ்வொரு மணியும் கண்ணாடி மாதிரி தனித்தனியாக மின்னியது.

அக்கா திரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, இது ஜவ்வரிசி ஆச்சே?”

“வெளிச்சத்துல அப்படித் தெரியுதுக்கா” என்றான் மச்சான். கட்டைவிரல் டெலீட் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தது.