சீனன்குடாவில் இருக்கும் கம்பனியில் நான் பங்கு வாங்கியது

திருகோணமலையில் சேமிப்பு என்றால் நிலையான வைப்பு, நகை, காணி. அதைத் தாண்டி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு கம்பனியின் பங்கை வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் வீட்டில் வந்த முதல் கேள்வி, "அதுக்குக் கொழும்புக்குப் போக வேணுமா?" என்பதுதான். போகத் தேவையில்லை. கணக்குத் திறந்தது, வாங்கியது எல்லாம் கைத்தொலைபேசியிலேயே முடிந்தது. எந்தக் கம்பனி என்று முடிவெடுக்கத்தான் நாள் பிடித்தது.

தெரிந்த தொழிலாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சீனன்குடாப் பக்கம் போனால் கண்ணில் படுகிற பெரிய பெயர்கள் மூன்று. பிறீமா மா ஆலை பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. ஆசைப்பட்டாலும் வாங்க முடியாது. எண்ணெய்த் தாங்கிகளை வைத்திருக்கும் லங்கா ஐஓசி பட்டியலில் இருக்கிறது. ஆனால் எரிபொருள் விலையில் அரசாங்கம் எப்போது என்ன செய்யும் என்று என்னால் கணிக்க முடியாது. மிஞ்சியது டோக்கியோ சீமெந்து.

மாமா கட்டட ஒப்பந்தகாரர். "சீமெந்து விலை கூடினால் எங்களுக்கு நட்டம், உனக்கு லாபம், அப்படித்தானே மருமகன்?" என்று கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆண்டறிக்கையைத் திறந்து படித்த பிறகுதான் கணக்கு வேறு என்று விளங்கியது. இங்குள்ள ஆலைக்குக் கிளிங்கர், அதாவது சீமெந்தின் மூலப்பொருளான சுட்ட கட்டிகள், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அதை அரைத்துத்தான் சீமெந்து ஆக்குகிறார்கள். டொலரில் வாங்கி ரூபாயில் விற்கிற வியாபாரம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது பையின் விலையும் ஏறியது, ஆனால் ஊரெல்லாம் கட்டட வேலை நின்றுபோனது. அந்த வருடம் ஏப்ரலில் பங்குச் சந்தையையே ஒரு வாரம் மூடி வைத்தார்கள். "அப்ப நீ எதைப் பார்ப்பாய்?" என்றார் மாமா. விற்பனையில் கிரயம் போக எவ்வளவு மிஞ்சுகிறது, கடன் வட்டிக்கு எவ்வளவு போகிறது, இந்த இரண்டையும்தான் பழைய அறிக்கைகளில் வருடம் வருடமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. வட்ஸ்அப்பில் வருகிற 'இதை வாங்கு, அதை வில்' செய்திகளைவிட அந்தப் பக்கங்கள் எவ்வளவோ மேல்.

கணக்குத் திறப்பது சுலபம். பங்குச் சந்தையின் செயலியில் ஒரு தரகர் நிறுவனத்தைத் தெரிவுசெய்து, அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் வங்கிக் கணக்கு விபரத்தையும் ஏற்றினேன். தரகரிடமிருந்து ஒரு அழைப்பு, அப்புறம் சிடிஎஸ் எனப்படும் மத்திய வைப்புக் கணக்கின் இலக்கம் மின்னஞ்சலில் வந்தது. பங்குகள் இருப்பது இந்த சிடிஎஸ் கணக்கில், உங்கள் பெயரில்தான். தரகர் வாங்கி விற்கிறவர் மட்டுமே.

வாங்கும் திரையில் டோக்கியோ சீமெந்து இரண்டு முறை வரும். குறியீட்டில் 'என்' வந்தால் வாக்குரிமையுள்ள பங்கு, 'எக்ஸ்' வந்தால் வாக்குரிமை அற்றது. பங்கிலாபம், அதாவது கம்பனி தன் லாபத்தில் பங்குக்காரருக்குப் பிரித்துக் கொடுக்கும் காசு, இரண்டுக்கும் ஒன்றுதான். 'எக்ஸ்' பொதுவாக விலை குறைவு. என்னிடம் இருக்கிற சில பங்குகளின் வாக்கால் கம்பனிக் கூட்டத்தில் எதுவும் மாறப்போவதில்லை. 'எக்ஸ்' எடுத்தேன்.

சந்தை காலை 9.30க்குத் திறக்கும். திரையின் ஒரு பக்கம் வாங்க நிற்பவர்கள் தரத் தயாராக இருக்கும் விலை, மறுபக்கம் விற்பவர்கள் சொல்லும் விலை. 'சந்தை விலைக்கு வாங்கு' என்று விட்டுவிடாமல், இதற்கு மேல் தரமாட்டேன் என்று ஒரு விலையைக் குறித்து ஓடர் போட்டேன். முதலில் பாதிதான் கிடைத்தது. மிச்சம் மதியத்துக்குப் பிறகு விலை சற்று இறங்கியபோது நிரம்பியது. புதிதாக வாங்குபவர்கள் எல்லோரும் இப்படி விலை குறித்தே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டணத்தையும் சொல்ல வேண்டும். தரகு, சந்தைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 1.12 வீதம். 25,000 ரூபாய்க்கு வாங்கினால் 280 ரூபாய் கூடுதலாகப் போகும். விற்கும்போதும் அதே வீதம். ஆக விலை ஏறக்குறைய இரண்டேகால் வீதம் ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். அடிக்கடி வாங்கி விற்க நினைப்பவர்கள் இதை முதலில் எழுதிப் பார்க்கட்டும். கொள்வனவுச் சீட்டு அன்று மாலையே மின்னஞ்சலில் வந்தது. காசும் பங்கும் கைமாறும் தீர்வு இரண்டு வேலைநாளில்.

பங்கிலாபம் 15 வீத வரி கழித்தே வங்கிக்கு வரும். நான் போட்டது அவசரத்துக்குத் தேவைப்படாத காசு. நிலையான வைப்பில் கை வைக்கவில்லை. ஒரே கம்பனியில் போட்டதால் அது சரிந்தால் நட்டம் முழுதாக விழும்; அம்மாவிடமும் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அடுத்த காலாண்டுக் கணக்கு வந்ததும் மாமாவும் நானும் சேர்ந்து பார்க்கப் போகிறோம். வட்டிச் செலவு குறைந்திருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.