அப்பாவின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்ட கதை

போன தீபாவளி லீவுக்கு ஓசூரிலிருந்து காவேரிப்பட்டணம் போய் பையைக் கீழே வைப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "இந்தக் கம்ப்யூட்டரைத் தள்ளிட்டுப் புதுசு வாங்கணுமாம்டா, கடைக்காரர் சொல்லிட்டாரு."

விஷயம் இதுதான். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. வீட்டில் இருப்பது 2016-இல் வாங்கிய டெஸ்க்டாப், ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கும். சரி, அந்தப் பெட்டியில் அப்பா என்னதான் செய்கிறார்? மாந்தோப்புக் கணக்கு, யூடியூப், பேங்க் ஸ்டேட்மென்ட், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சீட்டாட்டம். இதுக்கு முப்பத்தைந்தாயிரமா?

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் போட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். அது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை, நாங்கள்தான் மதிக்கவில்லை. நான் ப்ளஸ் டூ படித்தபோது கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் தொகுதி முழுக்க ஸ்டார் ஆபீஸ்தான். அதிலிருந்து வந்தது ஓப்பன் ஆபீஸ், 2010-இல் அதிலிருந்து பிரிந்தது இப்போது லினக்ஸோடு வரும் லிப்ரே ஆபீஸ், ஆக நான் மார்க்குக்காக மனப்பாடம் செய்த மெனுக்கள் பாதி இன்றைக்கும் அங்கேயே இருக்கின்றன. அப்புறம் தங்கச்சிக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஒருநாளாவது என்ன இருக்கிறது என்று பார்த்தோமா? கொண்டுவந்த வாரமே அழித்து அந்த இடத்தில் படம் ஏற்றிவைத்த புண்ணியவான் நான்தான்.

இந்த முறை நான் எடுத்தது இன்னொரு லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட் 22, அதிலும் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ரேமுக்கு அது போதும், 2029 வரை அப்டேட்டும் உண்டு. மூன்று ஜிபிக்குக் கொஞ்சம் குறைவான ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் ஒரு மணி நேரம் அப்பாவை உட்காரவைத்தேன். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, யூடியூப் ஓடுகிறதா எல்லாம் அப்போதே தெரிந்துவிடும், பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுப் போகலாம். இன்ஸ்டால் செய்யும்போதும் பழைய ஹார்ட் டிஸ்கைத் தொடவில்லை, அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு புதிதாக ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம், மாட்டினேன். அதனால் "லினக்ஸ் போட்டதும் கம்ப்யூட்டர் பறக்குது" என்று நான் சொன்னால் பாதி பொய். பறப்பதில் பெரும்பங்கு அந்த எஸ்எஸ்டியுடையது.

தோப்புக் கணக்கு எக்ஸெல் ஃபைல் லிப்ரே ஆபீஸில் அப்படியே திறந்தது, லோடு, டன், விலை, ஆள்கூலி, கூட்டல் எதுவும் பிசகவில்லை. ஆனால் தமிழுக்கு லதா எழுத்துரு வைத்திருந்தார், அது விண்டோஸோடு வருவது, இங்கே இல்லை, வேறு எழுத்துரு போய் உட்கார்ந்ததில் ஒரு பக்கத்தில் முடிந்த கணக்கு ஒன்றேகால் பக்கம் ஆகிவிட்டது. அந்தக் கால் பக்கத்துக்காக அப்பா போட்ட சத்தம் இருக்கிறதே!

அதைவிடப் பெரிய கூத்து கோயில் நன்கொடைப் பட்டியல். பல வருடமாக டிடிபி கடையில் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்து வாங்கிய ஃபைல்கள். திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். "லினக்ஸ் தமிழைத் தின்னுடுச்சு" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். உண்மையில் அந்த ஃபைலுக்குள் தமிழ் என்றைக்குமே இருந்ததில்லை. பாமினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஐந்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கும், அவ்வளவுதான், போர்வை இல்லாத கம்ப்யூட்டரில் உள்ளே இருப்பது தெரிகிறது. பாமினி ஃபான்ட்டை எடுத்து ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டதும் பட்டியல் தமிழாகிவிட்டது. ஆனாலும் இப்போது போனிலும் கம்ப்யூட்டரிலும் பொதுவாக இருக்கும் எழுத்துமுறையான யூனிகோடில் ஒரு பெயரை அடித்துத் தேடினால் சிக்காது என்பதால் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன், ஒரு ராத்திரி போச்சு. புதிதாக அடிக்க தமிழ்99 என்ற கீபோர்டு முறையைப் போட்டுக் கொடுத்தேன். அதில் அதே 'அம்மா' ஏ, கே, கே, க்யூ. கே-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். அம்மா இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார், அப்பா இன்னும் வாட்ஸப்பில் பேசி அனுப்புகிறார்.

பிரிண்டரில் தோற்றேன். பழைய லேசர் பிரிண்டர், கம்பெனி பெயர் வேண்டாம், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை டிரைவரோடு மல்லுக்கட்டியும் வெற்றுத்தாளாகவே தள்ளியது. எச்பி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு மின்டிலேயே இருக்கிறது. லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் பிராசஸர், ரேம் எல்லாம் பார்ப்பதற்கு முன்னால் பிரிண்டர் மாடலைப் போட்டுத் தேடுங்கள். இப்போது அப்பா பிடிஎஃப்-ஐ பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸப் செய்துவிட்டு, டீ குடிக்கப் போகும்போது வாங்கி வருகிறார்.

பக்கத்து ஊரில் இ-சேவை மையம் வைத்திருக்கும் நண்பன் இதைப் பார்த்துவிட்டு "எனக்கும் போட்டுக் கொடு மாப்ள" என்றான். முடியாது என்றேன். அவனுடைய கைரேகைக் கருவிக்கு விண்டோஸ் டிரைவர் மட்டும்தான் தருகிறார்கள், தொழில் நடக்கிற இடத்தில் என் ஆசைக்குச் சோதனை செய்ய முடியாது.

பொங்கலுக்கு முந்தின வாரம் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது, யுபிஎஸ் பேட்டரி செத்து வருடமாகிறது. மறுநாள் அப்டேட் மேனேஜர் சிவப்பாக ஏதோ காட்டுகிறது என்று அப்பா போன் செய்தார். நான் ஓசூரில் பஸ்ஸில் நின்றுகொண்டு, சுற்றி இருப்பவர்கள் பார்க்க, பாதியில் நின்ற அப்டேட்டை முடித்துவைக்கும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "எஸ், யூ, டி, ஓ, இடம் விடுங்க, டி, பி, கே, ஜி, இடம் விடுங்க, ரெண்டு சின்னக் கோடு, கான்ஃபிகர், இடம் விடுங்க, ஒரு கோடு, ஏ." பத்து நிமிடமானாலும் சரியாகிவிட்டது. அந்த வரியைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, மானிட்டருக்குப் பக்கத்தில், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்.

போன வாரம் மறுபடி கரண்ட் போயிருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன், ஹலோகூடக் கிடையாது.

"டேய், அந்த ரெண்டு கோடு ஒட்டிப் போடணுமா, விட்டுப் போடணுமா?"

"ஒட்டித்தான்பா."

வைத்துவிட்டார்.