அப்பா அம்மாவின் இரத்தச் சோதனை: பச்சைக் கட்டத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்

வயதானவர்களுக்கு உடல் தளர்ச்சி இருக்கிறதா என்று இரத்தத்தை எடுத்தே சொல்லிவிடுவோம் என்று யாராவது உங்களிடம் "தம்பதி பேக்கேஜ்" விற்க வந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அப்பாவுக்கு 78, அம்மாவுக்கு 72. ஒரு வருடமாகவே அப்பாவுக்குக் கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை, இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தால் அன்று மாலை முழுக்கப் படுக்கைதான். அம்மாவுக்கு முட்டிவலி, எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். நாங்கள் பயந்தது அம்மாவை நினைத்துத்தான். அப்பாவை "வயசாகிட்டா இளைக்கத்தானே செய்வார்" என்று விட்டுவிட்டோம், அவரும் அதையேதான் சொன்னார். இந்த நேரத்தில் அண்ணன் ஒரு தனியார் பரிசோதனை மையத்தில் இருவருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு என்னிடம் அழைத்துப்போகச் சொன்னார்.

காலையில் நேரம் கேட்டேன், இல்லை, மாலை மூன்று மணிதான் என்றார்கள். அப்பாவுக்குச் சளிக்காய்ச்சல் விட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது, அதையும் முகப்பில் சொன்னேன். "பரவாயில்லை ஆன்ட்டி, ரத்தம்தானே எடுக்கிறோம்" என்றார் அந்தப் பெண். (நான் ஆன்ட்டியா? அது வேறு கதை.) என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம் வந்தது வழவழப்பான ஒரு புத்தகம். ஒவ்வொரு சோதனைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம். அப்பாவுக்கு உடலுக்குள் இருக்கும் அழற்சியைக் காட்டும் சிஆர்பி சிவப்பு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சிவப்பு, ஹீமோகுளோபின், சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியாட்டினின் இரண்டும் பச்சை. அம்மாவுக்கு சிஆர்பி மஞ்சள், மற்றதெல்லாம் பச்சை. கூடவே ஐஎல்-6 என்று அழற்சியைக் காட்டும் இன்னொன்று, பேக்கேஜ் விலையில் பெரும் பகுதி அதற்குத்தான் போயிருக்கும் போல. மறுநாளே தொலைபேசியில் கூப்பிட்டு, அப்பாவுக்கு ஹார்மோன் சிகிச்சையும் ஒரு டப்பா சத்து மாவும் எடுத்துக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனோம். மருத்துவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது விளம்பரத் தாள் மாதிரி இருக்கிறது, ஆய்வுக்கூடம் கொடுத்த அசல் அறிக்கை வேண்டும், இரத்தம் எடுத்த நேரம், அளவின் அலகு, இயல்பு வரம்பு எல்லாம் அதில்தான் இருக்கும் என்றார். சரி, ஒரு தாள்தானே, வாங்கி வந்துவிடலாம் என்று மதிய இடைவேளையில் வேலையிடத்திலிருந்து அந்த மையத்துக்கு ஓடினேன். முகப்பில் இருந்தவர் திரையிலிருந்து கண்ணையே எடுக்காமல், தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்பந்தப்பட்டவர் நேரில் வரவேண்டும் என்றார். நடந்தால் களைத்துப்போகிறார் என்றுதானே சோதனைக்கே அழைத்து வந்தோம், அவரையே மறுபடி வரச்சொன்னால் எப்படி? கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டை நகலும் போதுமா என்று கேட்டதற்கு, "மேனேஜரைக் கேக்கணும்" என்று பதில். மேனேஜர் விடுப்பில். கடைசியில் கடிதம் போதும் என்று மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டு, அதற்கும் மேல் ஒரு வாரம் கழித்துத்தான் தாளை அனுப்பினார்கள். இதை முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆகவே, இரத்தம் எடுக்கும் அன்றே முழு ஆய்வுக்கூட அறிக்கையை யாருக்கு, எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதி, பெற்றோரின் கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அரசாங்கத்தின் ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியில் வந்துவிடும் என்று இருக்காதீர்கள், எங்களுக்கு அந்தத் தனியார் சோதனை எதுவும் அதில் வரவில்லை.

பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு மருத்துவமனை முதியோர் மருத்துவப் பிரிவுக்குப் போனது சிரமமில்லாமல் முடிந்தது. அந்தக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம், மறந்துவிடாதீர்கள்.

அங்கே இருந்த தாதி முதலில் ஊசியையே எடுக்கவில்லை. கையில் ஒரு பிடிமானக் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார், கொஞ்ச தூரம் வழக்கமான வேகத்தில் நடக்கவிட்டு நேரம் பார்த்தார். ஆசிய வரம்புப்படி பிடிபலம் ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18, அதற்குக் கீழே போனால் தசை பலவீனம். ஐந்து முறை எழ 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலும், நடை வேகம் வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்தாலும் கவனிக்க வேண்டும். அம்மா 19 அழுத்தினார். அப்பா 22! நடையிலும் அவர்தான் பின்தங்கினார். எடை இழப்பு, களைப்பு, பலவீனம், மெதுவான நடை, குறைந்த உடலுழைப்பு என்று ஐந்து அறிகுறிகளைப் பார்க்கிறார்கள், மூன்று இருந்தாலே தளர்ச்சி என்று கணக்கு. அப்பாவுக்கு நான்கு இருந்தன. முட்டியைப் பிடித்துக்கொண்டு புலம்புகிற அம்மாவுக்கு ஒன்றுதான். அப்பா முகம் தொங்கிப்போய்விட்டது, அம்மா மட்டும் வழியெல்லாம், "பார்த்தீங்களா, நான்தான் ஸ்ட்ராங்" என்றுகொண்டே வந்தார்.

அதற்கப்புறம்தான் மருத்துவர் இரத்த அறிக்கையை எடுத்தார். புத்தகத்தின் வண்ணங்கள் ஒவ்வொன்றாகத் தலைகீழானது அப்போதுதான்.

அப்பாவின் ஹீமோகுளோபின் 12.6. புத்தகத்தில் இருவருக்கும் ஒரே வரம்பைப் போட்டுப் பச்சை அடித்திருந்தார்கள். இரத்தசோகை என்பது பெண்களுக்கு 12க்குக் கீழே, ஆண்களுக்கு 13க்குக் கீழே. அதே 12.6 அம்மாவுக்கு வந்திருந்தால் சரி, அப்பாவுக்குச் சரியில்லை. இருபது வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், அது நாளடைவில் பி12 சத்தைக் குறைக்கக்கூடும், போதாததற்கு அப்பா சுத்த சைவம். பி12 பார்த்தார்கள், அடிமட்டத்தில் இருந்தது. அவ்வளவு விலையான பேக்கேஜில் இந்தச் சோதனையே இல்லை!

கிரியாட்டினின் பச்சைக்கும் இதே கதைதான். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை கரைந்தவருக்கு அது குறைவாகவே இருக்கும், சிறுநீரகம் உண்மையில் இருப்பதைவிட நன்றாக இருப்பது போலக் காட்டிவிடும். தசையை அவ்வளவாகச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்ற சோதனையை எழுதிக்கொடுத்தார். அதில் சிறுநீரகச் செயல்பாடு கொஞ்சம் குறைவாகத் தெரிந்ததால் மெட்ஃபார்மின் அளவைக் குறைத்தார்கள்.

சிவப்புக் கட்டங்களுக்கு வருகிறேன். சிஆர்பி 14 வந்ததற்குக் காரணம் அந்தச் சளிக்காய்ச்சல்தான், சில வாரம் கழித்து எடுத்தபோது 2. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பிற்பகலில் இறங்கும், அதனால் காலையில்தான் எடுக்க வேண்டும், குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். காலையில் எடுத்ததில் அப்பாவுக்கு வயதுக்கேற்ற அளவு இருந்தது, ஹார்மோன் சிகிச்சைப் பேச்சே எழவில்லை. மூன்று மணிதான் நேரம் என்று சொன்ன புண்ணியவான்களை நினைத்துக்கொண்டேன். அம்மாவின் சிஆர்பி மறுபடியும் 4ஐ ஒட்டித்தான் இருந்தது, எடையும் முட்டியும் காரணமாக இருக்கலாம், எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஐஎல்-6 பற்றிக் கேட்டேன். தளர்ந்தவர்களிடம் அது கூடுதலாக இருப்பதை ஆய்வுகளில் பார்க்கிறார்கள், ஆனால் உங்கள் அப்பாவின் சிகிச்சையில் அதை வைத்து நான் எதையும் மாற்றப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

அம்மா முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையையும் தாதி விடாமல் கேட்டு, அடுத்த இரத்தம் எடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார். சில ஆய்வுக்கூடக் கருவிகளில் அது ஹார்மோன், வைட்டமின் டி முடிவுகளைத் தப்பாகக் காட்டுமாம். வீட்டில் இருக்கும் அத்தனை டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயரைக் கேட்டால் அம்மாக்கள் "அந்த மஞ்சள் மாத்திரை" என்பார்கள்.

இப்போது அப்பாவுக்கு பி12 ஊசி போய்க்கொண்டிருக்கிறது, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே முதியோருக்காக இருக்கும் துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்கிறார், தட்டில் பருப்பும் தயிரும் கூடியிருக்கின்றன. பிடிபலம் கடைசியாகப் பார்த்தபோது 24.

அந்த மையத்துக்கு நடந்ததையெல்லாம் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வருந்துகிறோம் என்று சொல்லி முப்பது வெள்ளிக்கு ஒரு வவுச்சர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களிடமே அடுத்த பேக்கேஜ் எடுத்தால் மட்டும்தான் செல்லுமாம்.