பொத்தான் போட மறுத்த விரல்கள்
காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் சட்டைப் பொத்தானைப் போட இரண்டு கைகளும் மறுத்ததுதான், எனக்கு முடக்குவாதம் வந்திருப்பதை முதலில் உணர்த்தியது. இந்த மூட்டு நோயில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்புறச் சவ்வைத் தாக்குவதால், அது வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் மெல்ல அரித்து, தசைநாண்களையும் தளர்த்திவிடுகிறது. மணிக்கட்டும், விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டும் இரு கைகளிலும் ஒருசேர வீங்க, நகத்தை ஒட்டிய நுனிமூட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கவனிக்காமல் விட்டால் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிடும். அன்னத்தின் கழுத்தைப் போல வளைவதும் உண்டு; அதற்கு ‘அன்னக் கழுத்து’ என்றே பெயர் (பெயரில் மட்டும்தான் அழகு). நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இந்தத் தாக்குதலை அடக்க எனக்கு எழுதித்தரப்பட்ட மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒருமுறைதான் விழுங்க வேண்டும், தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், அந்த நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பேனாவைப் பிடிக்க முடிந்த ஒரு மாலையில் போட்ட வட்டம் அது.